கடைசி ஷாட்டில் அவள் சிரிக்கிறாளா?

1

இந்தக் கதை எனக்கு ஒரு கண் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. கண்ணில் மருந்து விட்டு, கொஞ்ச நேரம் மூடிக்கொண்டு உட்காரச் சொல்லியிருந்தார்கள். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவனுக்குக் காதைத் தீட்டிக்கொள்வதைத் தவிர வேறென்ன வேலை இருக்கிறது? பின்வரிசையில் ஒரு பெண்குரல் கிசுகிசுப்பாக, ஆனால் ஒரு சொல்லும் வழுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது:

"இப்ப அவன் மாடிப்படியில இறங்கறான். பாதியில நிக்கறான். கைப்பிடியோட நிழல் அவன் சட்டையில கோடு கோடா விழுது."

"எத்தனை கோடு?" என்றது ஓர் ஆண்குரல்.

"எண்ணல."

"எண்ணியிருக்கணும்."

சுவரில் இருந்த டிவியில் ஒலியை அணைத்துவிட்டு ஏதோ கறுப்பு வெள்ளைப் படம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கண்ணைத் திறக்கலாம் என்றதும் திரும்பிப் பார்த்தேன். பின்வரிசை காலி. ஆக, அந்த இருவரின் முகம் எனக்குத் தெரியாது. இனி நீங்கள் படிக்கப்போவது நான் இட்டுக்கட்டியது. அந்த "எண்ணியிருக்கணும்" மட்டும் நிஜம்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

[ஒரு காலத்தில் சினிமா கறுப்பு வெள்ளையாக இருந்தது, வாழ்க்கை வண்ணமாக இருந்தது.] அடித்துவிட்டேன். காதுக்கு இதமாக இருக்கிறது, உள்ளே சரக்கு இல்லை.

[டாக்டருக்குப் பார்வை போனது ஒரு செவ்வாய்க்] இல்லை. பார்வை நாள் கிழமை பார்த்துப் போகவில்லை. மிகப் பழைய படங்களில் ஒரு காட்சி முடியும்போது திரையின் ஓரங்களிலிருந்து இருட்டு வட்டமாகச் சுருங்கிக்கொண்டே வரும். நடுவில் ஒரு முகத்தை மட்டும் விட்டுவைத்து, பிறகு அதையும் விழுங்கிவிடும். பார்த்திருப்பீர்கள். டாக்டருக்கு அப்படித்தான் போயிற்று. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரம் முதலில், நடு பிறகு. கடைசியாக அவர் பார்த்தது குளியலறைக் கண்ணாடியில் தன் மூக்கை. அதைப் பற்றி அவருக்குத் தீராத வருத்தம் உண்டு. "பார்க்க வேற எதுவுமே கிடைக்கலையா எனக்கு" என்பார்.

இப்படியே தொடங்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

3

அவர் பல் டாக்டர். நோயாளி நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டிருக்க, வாய் நிறையப் பஞ்சும் கருவியுமாக இருக்க, டாக்டர் பழைய படங்களைப் பற்றிப் பேசுவார். எந்த நாயகிக்குத் தெற்றுப்பல் அழகு, எந்த நாயகன் இடது பக்கப் பல் கறுத்துப்போனதால் வாழ்நாள் முழுக்க வலது பக்கமாகவே சிரித்தான், எந்த வில்லனின் பல்செட் வசனத்தின் நடுவே நழுவியது. யாராலும் மறுத்துப் பேச முடியாது. "ஆ" என்று வேண்டுமானால் சொல்லலாம். டாக்டர் அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொள்வார்.

அவர் மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வக்கீல் கேட்டதும் சாட்சி சொன்னதும் நீதிபதி திருத்தியதும் அவள் விரல் வழியாகத்தான் காகிதத்துக்குப் போகும். சாட்சி அழுதால் 'சாட்சி அழுகிறார்' என்று எழுதுவாள். ஏன் அழுகிறார் என்பது அவள் வேலை அல்ல. அவள் நெஞ்சுக்குள் என்ன தோன்றியது என்று நீதிமன்றத்தில் ஒருவரும் கேட்டதில்லை, வீட்டிலும் கேட்டதில்லை.

(இங்கே ஒரு குறிப்பு. டாக்டருக்கு 'அவர்', மனைவிக்கு 'அவள்' என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். முதல் வரைவில் இருவருக்கும் 'அவர்' போட்டேன். ஒரு பக்கத்துக்குள் யார் ரிமோட்டை வைத்திருக்கிறார், யார் கோபித்துக்கொண்டார் என்று எனக்கே குழம்பிவிட்டது. நம் மொழி மரியாதை கொடுத்த இடத்தில் ஆண் பெண் அடையாளத்தை அழித்துவிடுகிறது. மரியாதையா தெளிவா என்று வந்தபோது தெளிவை எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாள் மன்னிப்பாள்.)

எதிராளி பதில் சொல்ல முடியாத தொழிலில் ஒருவர், தானாகப் பேசக் கூடாத தொழிலில் ஒருத்தி. குடும்பம் சண்டை சச்சரவில்லாமல் நடந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பார்வை போனதும் டாக்டர் கிளினிக்கை மூடினார். கைத்தடி பழகிக்கொள்ளச் சொன்னார்கள். அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர வெளியே போவதில்லை. பகலெல்லாம் சோபாவில் உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்த்தபடி, அதாவது மோட்டுவளை இருக்கும் திசையில் முகத்தை வைத்தபடி இருப்பார். ஒருநாள் பிற்பகல், அவர் வாயிலிருந்து ஏதாவது சொல் வரட்டும் என்றுதான், அவள் ஒரு பழைய படத்தைப் போட்டாள்.

"என்ன நடக்குது?" என்றார் டாக்டர்.

"ஒரு ஆளு வரான்."

"எப்படி வரான்?"

"நடந்து."

"நடந்துதான் வருவான், பறந்தா வருவான்? வெளிச்சம் எங்கேருந்து விழுது? மூஞ்சி தெரியுதா?"

"தொப்பி போட்டிருக்கான்."

"தொப்பி நிழல் கண்ணை மறைக்குதா?"

அவள் முன்னால் குனிந்து பார்த்தாள். "ஆமா. கண்ணு தெரியல. வாய் மட்டும்தான் தெரியுது."

"அதான்" என்று டாக்டர் சாய்ந்துகொண்டார். "கண்ணைக் காட்டாமலே அவனை நம்மகிட்ட எவ்வளவு தூரம் கூட்டிட்டு வரான் பாரு டைரக்டர். இப்ப நிமிருவான் பாரு."

திரையில் அந்த ஆள் நிமிர்ந்தான். அவளுக்கு முதுகுத்தண்டில் சில்லென்றது. அதுவரை படம் ஓடும்போதெல்லாம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள்.

4

அதன்பிறகு பிற்பகல்தோறும் படம்தான்.

இந்த இடத்தில் பொற்காலப் படங்களைப் பற்றி ஒரு நீண்ட பாராட்டுரை எழுதி வைத்திருந்தேன். நறுக்கிவிட்டேன். பொற்காலம் என்பது பின்னால் வருகிறவர்கள் ஒட்டுகிற பெயர். அந்தக் காலத்திலும் பேரன் எடுத்த வயதில் கல்லூரி மாணவனாக வந்த நாயகர்கள் உண்டு. தொப்பையை மறைக்கக் கோடையிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு மரத்தைச் சுற்றினார்கள். அவள் அதையும் சொன்னாள். "கோட்டு பட்டன் தெறிச்சிடும் போல இருக்குங்க" என்பாள். டாக்டர் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

ஆனால் அவள் கண்டுபிடித்த வேறு சில உண்டு. ஜன்னலுக்கு வெளியே பெய்யும் மழை ஜன்னல் அகலத்துக்கு மட்டும் பெய்கிறது. நிலா படுதாவில் வரைந்தது; காற்றடித்தால் லேசாக ஆடுகிறது. இதெல்லாம் தெரிந்தும், மழையில் நிற்கிறவள் நடுங்கும்போது நமக்கும் நடுங்குகிறது. அது எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்காததே பிடித்திருந்தது.

எல்லாவற்றையும்விட, கேட்பவர்களின் முகம். அந்தக் காலத்துக் கேமரா அவசரப்படாது. ஒருத்தர் பேசி முடித்த பிறகும், கேட்டுக்கொண்டிருந்தவர் முகத்தில் கொஞ்சம் தங்கும். வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது பெரிய விஷயம். கேட்பதும் ஒரு வேலை என்று, அதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று, யாரோ ஒரு டைரக்டருக்குத் தோன்றியிருக்கிறது.

"அண்ணன் தம்பி சண்டை நடக்குதுல்ல, அங்க மூலையில வேலைக்காரப் பொண்ணு ஒண்ணு தட்டோட நிக்குது" என்றாள் ஒருநாள். "சண்டை ஆரம்பிச்சப்ப உள்ள வந்தது. தட்டை எங்க வைக்கிறதுன்னு தெரியல. போகவும் முடியல. பெரியவன் கத்தறப்ப தட்டுல இருக்கற கப்பைக் கையால மூடிக்குது, சத்தம் வரக்கூடாதுன்னு."

"இந்தப் படத்தை எத்தனையோ தடவை பாத்திருக்கேன்" என்றார் டாக்டர். "அங்க ஒரு பொண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது."

5

இப்போது அந்தப் படம். பெயர் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அப்படி ஒரு படம் கிடையாது. இந்தக் கதைக்காக நானே எடுத்தது. டாக்டருக்கு அதுதான் உயிர். கதை சின்னதுதான். பாடகனாகப் போகிறேன் என்று ஊரை விட்டுப் போன கணவன், பெயரெடுத்து, வீட்டை மறந்து, குரல் போனபின் நரைத்த தலையோடு திரும்பி வருகிறான். இத்தனை காலமும் தையல் மெஷினை மிதித்து வீட்டை நிறுத்திய மனைவி கதவைத் திறக்கிறாள். வசனம் கிடையாது. ஒற்றை வயலின். அவள் முகம் திரையில் பெரிதாக வருகிறது. மெல்ல இருள்கிறது. முற்றும்.

"அந்தச் சிரிப்பு" என்று டாக்டர் சொல்லாத நோயாளி இல்லை. "பல் தெரியாது. உதடு பிரியாது. இடது ஓரம் மட்டும் ஒரு மயிரிழை மேல போகும். அவ்வளவுதான், மன்னிச்சாச்சு. உலகத்துல இதுக்கு மேல ஒரு சிரிப்பு கிடையாது."

அன்று அவள் படத்தைக் கடைசிவரை சொல்லிக்கொண்டே வந்தாள். கதவு திறந்தது. வயலின் எழுந்தது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார் (அவருக்கு அது தேவையில்லை, ஆனாலும்). "ம், சொல்லு. சிரிக்கிறாளா?"

அவள் பார்த்தாள். பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தாள்.

"சிரிக்கலைங்க."

"நல்லா பாரு."

"பாத்துட்டேன். உதடு அப்படியே இருக்கு."

"இடது ஓரம்?"

"அசையல."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாய்ங்கறது என் தொழில். அந்த வாயை எனக்குத் தெரியும்."

"இருக்கலாம். இப்ப பாக்கறது நான்தானே."

(இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டேன். படத்தை எடுத்தவன் நான். உதட்டின் ஓரத்தை ஒரு மயிரிழை தூக்கிவிட என்னால் முடியும். இருவரும் சமாதானமாகக் காபி குடிப்பார்கள். அல்லது அவளைப் பொய் சொல்ல வைக்கலாம், 'ஆமாங்க, சிரிக்கிறா' என்று. இரண்டாவதை எழுதியும் பார்த்தேன். அவள் வாயில் அது வரவில்லை. சாட்சி சொல்லாததை எழுதிப் பழகாத கை.)

6

வழக்கு வெளியே போயிற்று.

வார இறுதியில் வந்த மகளை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார்கள். மகள் கன்னத்தில் கைவைத்துப் பார்த்தாள். "அழப்போறாப்பா. தாடை இறுகுது பாருங்க" என்றாள். பிறகு, "இதுக்கா என்னை வரச்சொன்னீங்க?" என்றாள்.

எதிர்வீட்டு டீச்சர், "கண்டிப்பா சிரிக்கிறாங்க. இது சிரிப்பு இல்லன்னா வேற எது சிரிப்பு?" என்றார். டாக்டர் தொடையில் தட்டிக்கொண்டார். டீச்சரே, "ஆனா அவனைப் பாத்துச் சிரிக்கல. உள்ளுக்குள்ள எதையோ நினைச்சுச் சிரிக்கிறாங்க" என்றதும் அவர் கை நின்றது.

வாஷிங் மெஷின் சரிபார்க்க வந்த மெக்கானிக்கையும் விடவில்லை. ஸ்க்ரூ டிரைவரோடு நின்று பார்த்துவிட்டு, "தெரியல சார். எங்க வீட்டுல லேட்டா போனா இப்படித்தான் பாப்பாங்க. சிரிப்பா கோபமான்னு இதுவரைக்கும் நான் கேட்டதில்ல" என்று சொல்லி, மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

எல்லோரும் போன பிறகு டாக்டர் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். "ஒரு உதடு அசையறதைப் பத்தி நாலு பேரு நாலு விதமா சொல்றீங்க. அப்ப இத்தனை நாளா நீ சொன்னதுல எது நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்? சட்டை சுத்தமா இருக்குங்கற. வாசல்ல யாருமில்லங்கற. ரோட்டுல வண்டி வரல, வாங்கங்கற."

ரிமோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். இத்தனை வருட வேலையில் அவள் எழுதிய ஒரு வரியைக்கூட யாரும் சந்தேகித்ததில்லை. அவருக்காகத்தான் கண்ணைப் பழக்கினாள். அந்தக் கண்ணைத்தான் இப்போது அவர் வேண்டாம் என்கிறார்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு சுருக்கெழுத்துக்குத் திரும்பியது. "சாப்பாடு தட்டுல. தண்ணி வலது பக்கம்." அவ்வளவுதான்.

7

இந்த மௌனத்தை எப்படி உடைப்பது என்று தெரியாமல் பல நாள் கதையைக் கிடப்பில் போட்டிருந்தேன். யோசித்து வைத்த முடிவுகள்:

அ) டாக்டர் விரலால் மனைவியின் முகத்தைத் தடவி, அவள் உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பைக் [வேண்டாம். இதை நீங்கள் வேறெங்காவது பார்த்திருப்பீர்கள். தவிர, பல் டாக்டர் விரல் வாய்ப்பக்கம் வந்தால் யாருக்கும் காதல் வராது.]

ஆ) கல்யாணமான புதிதில் இருவரும் தியேட்டரில் இந்தப் படத்தைப் பார்த்தபோது, கடைசி ஷாட்டில் டாக்டர் திரையைப் பார்க்கவே இல்லை, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார், சிரித்தது அவள். [எழுதியதும் எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் சந்தேகம் வந்தது. மனிதர் அந்தப் படத்தைத் தேயத் தேயப் பார்த்தவர். ஒரு தடவைகூடவா திரையைப் பார்த்திருக்க மாட்டார்?]

பிறகு ஒரு காரியம் செய்தேன். எனக்கு என்ன வேண்டும் என்பதை விட்டுவிட்டு, அந்த வீட்டுக்குள் போய்ப் பேசாமல் நின்றேன். அப்போது நடந்தது இது.

பிற்பகல். அவள் மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் தட்டித் தடவித் தானே போட்டிருக்கிறார். அண்ணன் தம்பி சண்டை. பெரியவன் கத்துகிறான். சோபாவில் டாக்டரின் உதடு அசைந்தது. முணுமுணுப்பாக, யாருக்கோ சொல்வதுபோல:

"மூலையில அந்தப் பொண்ணு தட்டோட நிக்குது. எங்க வைக்கிறதுன்னு தெரியல. இதோ, கப்பை மூடிக்குது. சத்தம் வரக்கூடாதுன்னு."

துணிக்குவியல் கையில் கனக்க அவள் வாசலிலேயே நின்றாள். அவரே எத்தனையோ தடவை கண்ணால் பார்த்த படம். அவருக்கு அதில் ஞாபகம் இருக்க வேண்டியது எவ்வளவோ உண்டு. இருட்டில் அவர் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் சொன்னதை.

துணியை நாற்காலியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சோபா அமுங்கியதில் டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க, ஏன் நிறுத்திட்டீங்க" என்றாள்.

"நீ சொல்ற மாதிரி வரல" என்றார் டாக்டர். ரிமோட்டை அவள் பக்கம் நீட்டினார். "அந்தப் படத்தைப் போடு. கடைசி மட்டும். சிரிக்கிறாளான்னு கேட்கமாட்டேன். என்ன தெரியுதோ அதைச் சொல்லு."

8

அவள் சொன்னாள்.

"கதவு திறக்குது. வெளிச்சம் அவ பின்னாடியிருந்து வருது, உள்ள விளக்கு எரியுது போல. அதனால முதல்ல மூஞ்சி இருட்டா இருக்கு. அவன் ஒரு அடி பின்னாடி போறான். அப்பதான் வாசல் வெளிச்சம் அவ மேல விழுது. புருவம் ஏறல. அவ ஆச்சரியப்படல. வருவான்னு தெரிஞ்சிருக்கு, இல்லன்னா இனிமே வந்தா என்ன வராட்டி என்னன்னு இருந்திருக்கா. கண்ணு அவன் தலைமுடியைப் பாக்குது, நரையை. அப்புறம் கையைப் பாக்குது. பொட்டி ஏதாவது இருக்கான்னு பாக்கறா. இல்ல. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்குது. காதுக்குப் பக்கத்துல ஒரு நூல் ஒட்டிட்டிருக்கு, வெள்ளை நூலு. தைச்சுட்டு இருந்தவ எழுந்து வந்திருக்கா."

"நூலா?" என்றார் டாக்டர்.

"சின்னதா. யாரோ வேணும்னே வெச்சிருக்காங்க. இல்ல, தானா ஒட்டினதை எடுக்காம விட்டிருக்காங்க." அவள் திரைப்பக்கம் குனிந்தாள். "ஏங்க, இன்னொண்ணு இருக்கு. கீழே, ஓரத்துல. அவ கை. கதவு மேல இருக்கு. நாங்க யாருமே பாக்கல. எல்லாரும் வாயையே பாத்துட்டு இருந்திருக்கோம்."

டாக்டர் முன்னால் சாய்ந்தார். "கை என்ன பண்ணுது?"

"விரல் இறுகுது. இப்ப அசையுது. கதவும் கூட அசையுது." பின்னால் ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள். "திறக்கறாளா சாத்தறாளான்னு தெரியல. அதுக்குள்ள இருட்டிடுது."

வயலின் ஓய்ந்தது. திரை கறுப்பாகக் கிடந்தது. வாய்தான் எல்லாம் என்று வாழ்ந்த மனிதர் தன் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சண்டை போடுவார் என்று அவள் நினைத்தாள். 'திறக்கறாதான், எனக்குத் தெரியும்' என்பார் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வரியை எழுதக்கூடத் தொடங்கிவிட்டேன்.

டாக்டர் அவள் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவள் டிவியை அணைத்தாள். மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். சுருக்கெழுத்துக்காரி என்பதால் பதில் சட்டென்று வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்; அடுத்தவர் சொல்லுக்குத்தான் அந்த வேகம். சொந்தச் சொல்லைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பிறகு அவள் பேசினாள்.

என்ன சொன்னாள் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். திறந்திருப்பேன் என்று ஒன்று. சாத்தியிருப்பேன் என்று ஒன்று. மூன்றாவது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்றிலும் பேசியது நான், அவள் இல்லை. எத்தனையோ பேருடைய பேச்சைக் குறிப்பெடுத்தவள் முதல்தடவையாகத் தன் பேச்சைப் பேசும்போது, பக்கத்தில் உட்கார்ந்து அதைக் குறிப்பெடுக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால், உங்கள் வீட்டில் பிறர் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கிற ஒருத்தி இருப்பாள். அவளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுங்கள்.

அவள் நெடுநேரம் பேசினாள் என்பது மட்டும் தெரியும். டாக்டர் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை.